யாழ்ப்பாணச் சம்பளத்துக்குத் தனி இணையத்தளம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் எத்தனையோ பெரிய இணையத்தளங்கள் இருக்க, யாழ்ப்பாணத்தில் சிலர் அதையே திரும்பச் செய்து நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பது அவருடைய குறை. அந்தச் சிலரில் ஒருவன் நான். மற்றவர் என் மருமகள், அக்காவின் மகள். வேறு ஆள் கிடையாது என்பதால் ‘சிலர்’ என்றதே கொஞ்சம் அதிகம்.

ஐயா சொன்ன விவரம் பிழையில்லை. பேஸ்கேல் என்ற சம்பளத் தளம் 2002 இலேயே வந்துவிட்டது. அதே மாதிரியான கிளாஸ்டோர் 2008 இல் வந்தது. உன் சம்பளத்தை எழுது, பிறகு மற்றவர்களுடையதைப் பார் என்று கிளாஸ்டோர் வைத்த ஏற்பாட்டை நாங்களும் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டோம். அதற்காக, எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சந்தை இருக்கிறதே என்று சுன்னாகத்துச் சந்தையை யாரும் மூடவில்லையே.

நான் கணக்கெழுதுபவன். வீடு கோண்டாவிலில். சில கடைகளுக்கும் ஓர் அச்சகத்துக்கும் இரண்டு மருந்துக்கடைகளுக்கும் மாதக் கணக்குப் பார்க்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஓய்வுக்காலச் சேமிப்புக்கு, மாதாமாதம் அனுப்பும் சி படிவத்தை நிரப்புவதும் நான்தான். ஒரே வீதி, ஒரே வேலை, ஒரே நேரம். சம்பளம் மட்டும் கடைக்குக் கடை பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் வித்தியாசப்படும். அது எனக்குத் தெரியும், அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. நம்பித் தந்த கணக்கை வெளியே சொன்னால் எனக்குத் தொழில் இல்லை. ஆகவே இத்தனை வருடமும் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் அக்காவின் மகள் ஒரு கடைக்கு நேர்முகத்துக்குப் போனாள். கணினி படித்தவள், பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. “எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கள் தங்கச்சி?” என்று கேட்டிருக்கிறார்கள். பயந்து பயந்து 32,000 என்றாளாம். முதலாளி உடனே சரி என்றாராம். அந்த ‘உடனே’தான் அவளை உறுத்தியது. பஸ்ஸால் இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, “மாமா, நான் குறைச்சுக் கேட்டிட்டேனோ?” என்றாள். அதே வேலைக்குப் பக்கத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்பது என் மேசை லாச்சிக்குள் இருந்தது. சொல்ல முடியவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. பெரிய தளங்களைத் தேடிப் பார்த்தாள். ஒன்றில் இலங்கை முழுவதற்கும் ஒரே தொகை. அதாவது கொழும்புத் தொகை. இன்னொன்றில் யாழ்ப்பாணம் என்று அடித்தால் வெற்றுப் பக்கம். வேலைகளின் பட்டியலில் மேசன் இல்லை, தனியார் பஸ் நடத்துனர் இல்லை. டியூசன் ஆசிரியருக்குப் பல இடங்களில் மாதச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது, பிள்ளைகள் கட்டும் காசில் பங்குதான். அதை எழுத அங்கே ஒரு பெட்டியும் இல்லை. சரி, நாங்களே கேட்போம் என்று தொடங்கியதுதான் இது. தளத்தை வைத்திருக்க ஆகும் செலவு என் மோட்டார் சைக்கிளின் ஒரு மாதப் பெட்ரோலை விடக் குறைவு. ஒன்று சொல்லிவிடுகிறேன், தளத்தில் இருக்கும் சம்பள விவரங்களில் என் வாடிக்கையாளர்களின் கணக்கிலிருந்து எடுத்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் சனம் தானாக எழுதித் தந்தது.

எங்கள் ஊரில் சம்பளம் என்பது ஒரு தொகை என்று நினைத்துத்தான் படிவம் செய்தோம். புடவைக்கடையில் நிற்கிற ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். நாளுக்கு 1,300. வராத நாளுக்கு இல்லை. மத்தியானச் சாப்பாடு கடையில், தேத்தண்ணி இரண்டு தரம். தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்குக் காசு. கடைசி பஸ் தவறினால் முதலாளியின் ஓட்டோ கொண்டுபோய் விடும். “இதில நான் எதைத் தம்பி எழுதுறது?” என்றார். அன்றிரவு படிவத்தை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தாள் மருமகள். இப்போது சாப்பாடு, பஸ் காசு, பண்டிகைக் காசு, விடுமுறை நாள் சம்பளம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெட்டி.

இன்னொரு பெட்டியும் உண்டு, அதை நான் பிடிவாதமாகப் போடச் சொன்னேன்: ‘சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டப்படுகிறது?’ கையில் 45,000 வாங்குகிறவருக்குப் புத்தகத்தில் 30,000 என்று இருக்கும். 2016 இல் 10,000 என்று தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 அல்லவா, அதைத் தொட்டு நிற்கும். மிச்சம் 15,000 உறையில் போகும். அந்த 15,000 க்கு முதலாளி கட்டவேண்டிய 12 வீதம் 1,800 ரூபாய், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கான 3 வீதம் 450 ரூபாய். மாதம் 2,250, வருடத்துக்கு 27,000. பத்து வருடம் நின்றவருக்கு வட்டியைச் சேர்க்காமலே 270,000 இல்லை. இதை எழுதும்போது என் கையும் சுத்தமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தருகிற தொகையைத்தானே நானும் படிவத்தில் போடுகிறேன்.

சராசரியிலும் எனக்கு ஒரு சண்டை இருந்தது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு தம்பி 250,000 என்று எழுதினார். சந்தோசம். ஆனால் 35,000 வாங்கும் ஒன்பது பேருடன் அவரைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் 56,500 வரும். அந்தத் தொகையை அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட வாங்கவில்லை. ஆகவே பள்ளியில் சாதாரண தரத்தில் படித்த இடையத்தைத்தான், அதாவது தொகைகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பதைத்தான், காட்டுகிறோம். கணிதம் எப்போது உதவும் என்று ஆசிரியரைக் கேட்டவன் நான்.

சின்ன ஊர் என்பதால் வேறொரு கஷ்டம். மூன்று பேர் நிற்கிற மருந்துக்கடையின் காசாளர் என்று போட்டால் பெயரைப் போட்டதற்குச் சமம். கடையின் பெயரை நாங்கள் கேட்பதே இல்லை. ஒரு வேலைக்கு ஐந்து பேராவது எழுதும்வரை தொகையைக் காட்டுவதும் இல்லை. அதனால் பாதிப் பக்கங்கள் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. ஐயா பார்த்துச் சிரித்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் வாடிக்கையாளர் ஒருவர் போன் எடுத்து, “நீர் என்ர பிள்ளையளைக் கிளப்பிவிடப் போறீர்” என்று ஏசினார். அடுத்த மாதம் கணக்குப் புத்தகங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கடை வாடகை, கரண்ட் பில், ஒரு வருடம் வேலை பழக்கிய பெடியன் கனடாவுக்குப் போய்விடுவது எல்லாம் எனக்கும் தெரியும். அவருக்குப் போட்டியாக ஆள் எடுக்கிறவர் என்ன கொடுக்கிறார் என்று அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெடியன் நின்றிருக்கலாம்.

தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, விளம்பரம் என்பீர்கள். உங்களிடம் கேட்பது வேறு. தங்கம் பவுண் என்ன விலை என்று போடுகிறீர்கள், மரக்கறி விலையும் போடுகிறீர்கள். ஆனால் கடந்த ஞாயிறு உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பென்சிலோடு படித்தேன். 31 விளம்பரங்கள். ‘தகுதிக்கேற்ற சம்பளம்’, ‘கவர்ச்சிகரமான சம்பளம்’, ‘நேரில் பேசித் தீர்மானிக்கலாம்’. தொகை இருந்தது நான்கில் மட்டும். விளம்பரம் தருகிறவர்களிடம் ‘எவ்வளவு என்று போடலாமா?’ என்று உங்கள் கவுண்டரில் இருப்பவர் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

அந்த நான்கில் ஒன்று இரவுக் காவலாளிக்கு: சாவகச்சேரி, 40,000, தங்குமிடமும் இரவுச் சாப்பாடும் உண்டு. அதை அன்றைக்கே மருமகள் தளத்தில் ஏற்றிவிட்டாள். காவலாளிக்கு இன்னும் இரண்டு பேர் எழுதினால் ஐந்தாகிவிடும்.

இப்படிக்கு,
கணக்கெழுதுபவர்,
கோண்டாவில்.