எடுக்கப்படாத படத்தின் ஓவியர்களுக்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலிவுட்டில் தொடங்கிக் கைவிடப்பட்ட ‘சூப்பர்மேன் லிவ்ஸ்’ படத்துக்காக வரையப்பட்ட கான்செப்ட் ஓவியங்கள் (பாத்திரம், உடை, வாகனம் முதலியன எப்படி இருக்க வேண்டும் என்று படம் பிடிக்கும் முன் வரைந்து காட்டுபவை) தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கத்துக்கு வண்ணத்தில் வெளியாகியிருந்தன. இத்தகைய பொருளுக்குத் தமிழ் இதழ்களில் இவ்வளவு இடம் கிடைப்பது அரிது என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த ஓவியங்களில் ஒன்றின் கீழும் வரைந்தவர் பெயர் இல்லை. ‘படம்: இணையம்’ என்று மட்டுமே போடப்பட்டிருந்தது. கட்டுரையும் அவற்றை வீணாய்ப்போன பணத்தின் மிச்சம் என்றே பேசியது. சூப்பர்மேனாக நடிக்கவிருந்த நிக்கோலஸ் கேஜ் அணிந்த உடையை நகைப்புக்குரியதாகக் காட்டியது. ஓவியம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இவ்விரண்டுக்கும் மறுப்புத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஒரு படம் திரைக்கு வரவில்லை என்பதால் அதற்காக வரையப்பட்டவை அரைகுறை வேலைகள் ஆகிவிடுவதில்லை. கான்செப்ட் ஓவியரிடம் ஒப்படைக்கப்படும் பணி ஓவியம்தான். காகிதத்தில் அது முடிந்ததும் அவருடைய கடமையும் முடிந்துவிடுகிறது. அதைக் கொண்டு செட் போடுவதும் படம் பிடிப்பதும் பிறர் செய்ய வேண்டியவை. அந்தப் பிறர் செய்யாமல் விட்டதை ஓவியர் கணக்கில் எழுதுவது எப்படி நியாயமாகும்?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992 நவம்பரில் வெளியான சூப்பர்மேன் காமிக்ஸின் 75ஆம் இதழில் நாயகன் இறக்கிறான். அது உலகெங்கும் செய்தியானது. இறந்தவன் மீண்டு வரும் கதையைப் படமாக்க வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் முனைந்தது. தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸ். கெவின் ஸ்மித் எழுதிய திரைக்கதையை வெஸ்லி ஸ்டிரிக்கும், அவருக்குப் பின் டான் கில்ராயும் மாற்றி எழுதினார்கள். இயக்குநராக டிம் பர்ட்டன் வந்தார். ரிக் ஹைன்ரிக்ஸ் தலைமையில் 1997 ஜூனில் கலைத்துறை வேலையைத் தொடங்கியது. பிட்ஸ்பர்க் நகரையே சூப்பர்மேன் வாழும் கற்பனை நகரான மெட்ரோபொலிஸாகக் காட்டவும், சூப்பர்மேனுக்கு 60 ஆண்டு நிறையும் 1998இல் படத்தை வெளியிடவும் திட்டமிருந்தது. செலவு ஏறிக்கொண்டே போனது. அதற்கிடையே, அதே நிறுவனம் 1997 கோடையில் வெளியிட்ட ‘பேட்மேன் அண்ட் ராபின்’ கடும் கண்டனத்துக்கு உள்ளாகி, சூப்பர் ஹீரோ படங்களின் மீதே நிறுவனத்துக்கு இருந்த நம்பிக்கையைக் குலைத்தது. 1998 வசந்த காலத்தில் ‘சூப்பர்மேன் லிவ்ஸ்’ நிறுத்தப்பட்டது. படப்பிடிப்பு தொடங்கும் முன்பே ஏறத்தாழ 3 கோடி டாலர் செலவாகியிருந்தது.

தங்கள் கட்டுரையில் எனக்குப் பெருங்குறையாகப் பட்டது வேறொன்று. இந்த ஓவியங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்வியே அதில் எழவில்லை. அதற்கான விடையில் பெரும்பகுதி பொம்மை வணிகத்தில் இருக்கிறது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியானபோது, சின்சினாட்டியைச் சேர்ந்த கென்னர் நிறுவனத்தால் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. பொம்மை இல்லாத அட்டை உறையை விற்று, உள்ளிருந்த சீட்டை அனுப்பினால் மறு ஆண்டு பொம்மைகள் வீடு தேடி வரும் என்று வாக்களித்தது. குழந்தைகளின் பெற்றோர் அதையும் வாங்கினார்கள். படத்துக்கு முன்பே பொம்மை தயாராக இருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தொழில் அன்று கற்றுக்கொண்டது. பொம்மை என்பது ஓவியம் கைக்கு வந்த மறுநாள் கடைக்கு வந்துவிடும் பொருளன்று. ஓவியத்தைப் பார்த்துச் சிற்பி மெழுகிலோ வேறு மென்மையான பொருளிலோ மாதிரியைச் செதுக்க வேண்டும். கண்ணிமையும் விரல் இடுக்கும் தெளிவாக அமைவதற்காகப் பல சமயம் விற்பனை அளவைப் போல் இரு மடங்காகச் செதுக்குவார்கள். அதிலிருந்து பிசின் வார்ப்பு எடுத்துக் கையால் வண்ணம் பூசி வணிகர்களிடம் காட்டி, அவர்கள் இசைந்த பிறகே செலவு மிகுந்த எஃகு அச்சை வெட்டுவார்கள். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் காலம் தேவை. ஆகவே திரைக்கதை முடிவாகும் முன்னரே வடிவங்கள் முடிவாக வேண்டிய நெருக்கடி உருவாகிறது. கதையைப் பின்தொடர்ந்து வர வேண்டிய ஓவியம் கதைக்கு முன்னால் ஓட வேண்டியிருக்கிறது.

‘சூப்பர்மேன் லிவ்ஸ்’ கலைத்துறையில் இந்த நெருக்கடி வெளிப்படையாகவே இருந்தது. தயாரிப்பாளர் சிறுவர்களை அழைத்து வந்து சுவரில் ஒட்டியிருந்த ஓவியங்களைப் பார்க்கச் செய்வார் என்றும், எது நல்ல பொம்மையாகும் என்பது போல அவர்கள் அவற்றுக்கு மதிப்பெண் இடுவார்கள் என்றும் அங்கே பணியாற்றிய ஓவியர் சில்வைன் டெஸ்பிரெட்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் வந்த மண்டையோட்டுப் படத்தைக் கொண்டுவந்து, வில்லன் பிரெய்னியாக்கின் விண்கலம் இதைப் போல இருக்கட்டும் என்று தயாரிப்பாளர் கேட்டதும் பதிவாகியிருக்கிறது. எரேடிகேட்டர் என்ற பாத்திரத்துக்கு ரால்ஃப் மோர் வடிவமைத்த கவசம் ஒரு காட்சியில் பறக்கும் வாகனமாக உருமாற வேண்டியிருந்தது. மனித உருவம் மடங்கி வாகனமாகும் பொருள் கடை அலமாரியில் எப்படி விற்கும் என்பதை 1980களில் வளர்ந்த எவரும் அறிவர். அந்தக் கவசத்தில் மூட்டுகள் எங்கே மடங்கும், மார்புத்தகடு எதன் மேல் சரியும் என்பதையெல்லாம் ஓவியர் யோசித்தாக வேண்டும். பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது. ஒரே வரைபடம் இயக்குநரின் கற்பனைக்கும், உடை தைப்பவரின் அளவுகோலுக்கும், பொம்மை நிறுவனத்தின் அச்சுக்கும் ஒருசேரப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதை இவர்கள் செய்து காட்டினார்கள் என்பதே என் வியப்புக்குக் காரணம்.

இதில் வருத்தத்துக்குரிய ஒரு முரணும் இருக்கிறது. பர்ட்டன் 1992இல் இயக்கிய ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று பெற்றோர் பலர் குறைகூறினர். அந்தப் படத்தை முன்னிட்டு மெக்டொனால்ட்ஸ் குழந்தைகள் உணவோடு பொம்மை தந்ததும் கண்டிக்கப்பட்டது. அடுத்த பேட்மேன் படம் வேறொரு இயக்குநரிடம் போனதற்கு இந்த எதிர்ப்பே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இப்படி வணிக நோக்கால் ஒதுக்கப்பட்ட ஒருவரை அழைத்து, அவருடைய ஓவியர்களின் சுவரைப் பொம்மைக் கண்காட்சியாக்கிவிட்டு, பின்பு படத்தையும் நிறுத்திவிட்டார்கள். பொம்மை விற்பதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பொம்மை நல்ல சிற்பம்தான். ஓவியர்கள் எந்த நெருக்கடிக்குள் நின்று வரைந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு அவர்களுடைய வடிவங்களை மட்டும் பழிப்பது முறையன்று என்பதே என் வாதம்.

அந்த உடைக்கு வருகிறேன். தாங்கள் பெரிதாக வெளியிட்டிருந்த போலராய்டு படத்தில் தோள்வரை தொங்கும் கருங்கூந்தலோடும் பளபளக்கும் நீலக் கவசத்தோடும் கேஜ் நிற்கிறார். கண்கள் பாதி மூடியிருக்கின்றன. இமைக்கும் நொடியில் எடுக்கப்பட்ட, உடை பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கான படம் அது. பொதுமக்கள் பார்வைக்கென எடுக்கப்பட்டதன்று. எந்த நடிகரையும், எந்தத் தலைவரையும் கண்ணிமைக்கும் நொடியில் பிடித்தால் அப்படித்தான் இருப்பார். நீண்ட கூந்தலும் படக்குழுவின் விபரீத யோசனை அன்று: 1993இல் காமிக்ஸில் சூப்பர்மேன் உயிர்த்து வந்தபோது நீண்ட கூந்தலோடுதான் வந்தான், 1996 வரை அப்படியே வரையப்பட்டான். 1997இல் வரைந்த ஓவியர்கள் அதற்கு முந்தைய ஆண்டுவரை காமிக்ஸில் இருந்த சூப்பர்மேனையே வரைந்தார்கள்.

இறந்தவன் வலிமை திரும்பும்வரை அணிவதற்கென ஸ்டீவ் ஜான்சனின் பட்டறை செய்த இன்னொரு உடையின் ஒளிப்பதிவும் காணக் கிடைக்கிறது. ஒளி ஊடுருவும் பொருளால் செய்து, உள்ளே விளக்குகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அறை விளக்கை அணைத்ததும் உடலுக்குள்ளேயே உயிர் ஓடுவது போல நிறங்கள் மார்பிலும் தோளிலும் மாறி மாறிப் பாய்கின்றன. கணினியில் பின்னர் சேர்த்த ஒளியில்லை. அணிந்தவர் மேலேயே எரிந்த ஒளி. இன்றைக்கும் அதைப் பார்க்கும் மாணவர்கள் எப்படிச் செய்தார்கள் என்றுதான் கேட்கிறார்களே தவிரச் சிரிப்பதில்லை. தங்கள் பக்கத்தில் இந்த உடைக்கு ஓரங்குல இடம்கூடக் கிடைக்கவில்லை.

இனிப் பெயர் பற்றி. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலிக்குச் செய்யும் படைப்பு என்று வகைப்படுத்தப்பட்டதற்கு அதைச் செய்வித்த நிறுவனமே சட்டத்தின் பார்வையில் ஆசிரியர். படம் வெளியானால் இறுதிப் பெயர்ப்பட்டியலில் ஓவியரின் பெயர் ஓடும். படமே வராதபோது அந்த ஒரு வாய்ப்பும் போய்விடுகிறது. உரிமை நிறுவனத்துக்கு, பெயர் யாருக்கும் இல்லை என்ற நிலையில் ஓவியத்தை வெளியிடும் பத்திரிகையின் படக்குறிப்பு ஒன்றே அவருக்கு எஞ்சும் இடமாகிறது.

சூப்பர்மேனின் வரலாறே இதற்குச் சான்று. அந்தப் பாத்திரத்தைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு உரிமை முழுவதையும் விற்றுவிட்டார்கள். பிறகு நெடுங்காலம் அவர்களுடைய பெயர் இல்லாமலேயே சூப்பர்மேன் அச்சாகிக்கொண்டிருந்தான். 1975இல் சூப்பர்மேனைப் பெருஞ்செலவில் படமாக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும், வறுமையில் இருந்த சீகல் தங்களுக்கு நேர்ந்ததை விரிவாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் துணை நின்றார்கள். செய்தி பரவியதும், அந்த ஆண்டு டிசம்பரில் வார்னர் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் வழங்கவும், படைத்தவர்கள் என்று அவர்கள் பெயரை அச்சிடவும் ஒப்புக்கொண்டது. நீதிமன்றத்தில் கிடைக்காததை அவர்கள் பத்திரிகைகளின் வழியாகவே பெற்றார்கள். அந்த 130 டாலரையும் உள்ளடக்கிய பழைய காசோலை 2012இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனபோது இருவரும் உயிரோடு இல்லை.

ஆகவே தங்கள் இணைப்பில் விடுபட்ட பெயர்களை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சில்வைன் டெஸ்பிரெட்ஸ், கெரி காமில், ரால்ஃப் மோர், பீட் வான் ஷோலி ஆகியோர் அந்தக் கலைத்துறையில் வரைந்தவர்களில் சிலர். இவர்களில் காமில் சூப்பர்மேன் காமிக்ஸையே வரைந்த அனுபவம் உடையவர்; ஆகவே வழிவழி வந்த வடிவம் தெரியாமல் யாரோ கிறுக்கிய வேலை இது என்று தங்கள் கட்டுரை கருதியது பொருந்தாது. தலைமை தாங்கிய ஹைன்ரிக்ஸ் இதற்குப் பின் பர்ட்டனோடு செய்த ‘ஸ்லீப்பி ஹாலோ’ படத்தின் கலை இயக்கத்துக்காக ஆஸ்கர் விருது பெற்றார். திறமை இல்லாததால் படம் நின்றது என்று எவரும் சொல்ல முடியாது.

இந்த ஓவியங்களை இன்று நாம் பெயரோடு அடையாளம் காண முடிகிறது என்றால் அதற்கு ஜான் ஷ்னெப் என்பவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ரசிகர்களிடம் நிதி திரட்டி, ஓவியர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று பேசவைத்து, ‘சூப்பர்மேன் லிவ்ஸ்’ நின்றுபோன கதையை 2015இல் ஆவணப்படமாக வெளியிட்டார். மூன்றாண்டுகளில் மறைந்துவிட்டார். அவர் எடுத்த முயற்சியை நிறுவனம் எடுத்திருக்க வேண்டும். சாம் ரைமி இயக்குவதாக இருந்து 2010 ஜனவரியில் கைவிடப்பட்ட நான்காவது ‘ஸ்பைடர்மேன்’ படத்துக்கும் இதே நிலைதான். ஓவியர் ஜெஃப்ரி ஹெண்டர்சன் 2016இல் தம் ஸ்டோரிபோர்டுகளை (காட்சிகளை வரிசையாக வரைந்த படங்களை) தாமே வெளியிட்டதால்தான் வில்லன் வல்ச்சரை எப்படி எண்ணியிருந்தார்கள் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தந்த ஓவியரின் துணிவையும் ஒரு ரசிகரின் பொறுமையையும் நம்பியே இந்தக் கலைவரலாறு நிற்கிறது.

பொம்மை மாதிரிகளின் கதி இதைவிட மோசம். விற்பனைக்கு வராத மாதிரிகள் பெரும்பாலும் தனியார் சேகரிப்பாளர்களிடையே கைமாறுகின்றன. ஏலப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரும் விலையும் இருக்கும், செதுக்கிய சிற்பியின் பெயரைத் தேடினாலும் பல சமயம் கிடைக்காது. இவற்றைக் காக்க இடம் இல்லாமல் இல்லை. பெவர்லி ஹில்ஸில் உள்ள ஆஸ்கர் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகம் திரைக்கதைகளையும் கலைத்துறை வரைபடங்களையும் ஆய்வாளர்களுக்காகப் பாதுகாத்து வருகிறது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் விளையாட்டுப் பொருள்களுக்கென்றே நடத்தப்படுகிறது. ஸ்டூடியோக்களும் பொம்மை நிறுவனங்களும் கைவிட்ட படங்களின் ஓவியங்களையும் மாதிரிகளையும் இத்தகைய நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டும். பல தாள்களில் கையொப்பம் இல்லை. எந்தத் தாள் யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் அன்று அந்த அறையில் அருகருகே அமர்ந்து வரைந்தவர்கள்தாம். அவர்கள் இருக்கும்போதே அது செய்யப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.