முகமூடிகளுக்குப் பின்னால் இருப்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பொருள்களில் உருவாகும் ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பற்றிய உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை, குப்பை குறைகிறது என்ற பாராட்டோடு முடிந்துவிட்டது. ஒரு கலைஞரின் பெயர்கூட அதில் இல்லை. இது பெரிய அநீதி.

பெனின் நாட்டின் ரொமுவால்ட் ஹசூமே, பிளாஸ்டிக் பெட்ரோல் கேன்களை வெட்டி முகமூடிகள் செய்கிறார். கைப்பிடி மூக்காகிறது, ஊற்றும் வாய், திறந்த வாயாகிறது. யொரூபா மக்களின் முகமூடி மரபில் வந்தவர் அவர். அந்தக் கேன்கள் கையில் அகப்பட்ட ஏதோ கழிவு அல்ல. நைஜீரியாவிலிருந்து கள்ளத்தனமாகப் பெட்ரோல் கடத்தும் ஏழைகள் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவை. கூடுதலாகக் கொள்ளட்டும் என்று நெருப்பில் காட்டி உப்பவைப்பார்கள். மெலிந்துபோன கேன் வழியில் வெடித்தால் ஆளே போய்விடுவார்.

அப்படிப்பட்ட 304 கேன் முகமூடிகளை, 1789-இல் அச்சான புரூக்ஸ் அடிமைக் கப்பலின் படத்தைப் போல அடுக்கினார் ஹசூமே. மனிதர்களைச் சரக்காக அடைத்த கப்பல் அது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை வணிகம் ஒழிக்கப்பட்ட இருநூறாம் ஆண்டான 2007-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது. அன்றைய அடிமையையும் இன்றைய கடத்தல் கூலியையும் ஒரே முகத்தில் காட்டும் இந்தப் படைப்பைச் சுற்றுச்சூழல் செய்தியாக மட்டும் சுருக்கலாமா?

ஹசூமேயைப் பற்றிப் படங்களோடு ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுங்கள். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

– ஓர் ஓவிய ஆசிரியை, கும்பகோணம்