மதிப்பீட்டில் மதகையும் எழுதுங்கள்: வாவிக்கரை ஒழுங்கை மக்களின் கோரிக்கை மனு

திகதி: 18.08.2025

கௌரவ தவிசாளர் அவர்கள்,
பிரதேச சபை,
மட்டக்களப்பு மாவட்டம்.

ஊடாக: வட்டார உறுப்பினர் அவர்கள்

விடயம்: எமது ஒழுங்கையில் மூடுண்டு கிடக்கும் மதகை மாரிக்கு முன் திறந்து தருதலும், பக்கத்து ஒழுங்கைக்குக் கொங்கிறீட்டு இடுமுன் தண்ணீர் போகும் வழியைத் தீர்மானித்தலும்

மதிப்புக்குரிய தவிசாளர் ஐயா,

எழுவான்கரையில், பிரதான வீதிக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் ஒழுங்கையில் நாங்கள் முப்பத்தொரு குடும்பங்கள் குடியிருக்கிறோம். தோணியில் போகிறவர்களும், மேசன் வேலை செய்கிறவர்களும், வீட்டிலே தையல் தைக்கிற பெண்களும்தான் அதிகம். எல்லோரும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறவள் நான், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். கையெழுத்துகள் கடைசித் தாள்களில் உள்ளன. கையெழுத்துப் போடத் தெரியாத மூன்று பேர் பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

2023 பங்குனியில் பழைய சபையின் காலம் முடிந்தது. அதிலிருந்து இந்த வருடம் மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்து, ஜூனில் புதிய சபை கூடும் வரைக்கும் இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு உறுப்பினர் இல்லை. அந்தக் காலத்தில் அலுவலகத்தில் இருந்தவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒழுங்கைக்குள் நடந்து வந்து, "என்ன பிரச்சினை?" என்று கேட்க ஆளிருக்கவில்லை. இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையில் எழுதுகிறோம்.

போன கிழமை, எங்களுக்குக் கிழக்கே உள்ள ஒழுங்கையைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து போனார். கொங்கிறீட்டு வீதி வரப்போகிறது என்று கேள்விப்பட்டோம். அந்த ஒழுங்கைச் சனம் எத்தனையோ வருடமாகக் கேட்ட வீதி அது. மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. அவர்களுக்கு வீதி வேண்டும், அதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் அளந்த நேரம் நீளமும் அகலமும்தான் அளக்கப்பட்டன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு 2019 இல் வீதி போட்ட போதும் இப்படித்தான் நடந்தது. அதனால் வந்ததைத்தான் கீழே சொல்கிறேன்.

எங்கள் நிலம் எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணல் மேடு, அதன் முதுகில் பிரதான வீதி. மழைத் தண்ணீர் அந்த மேட்டிலிருந்து மேற்கே வாவிப் பக்கம் இறங்கும். எங்கள் ஒழுங்கையோ தெற்கு வடக்காக, தண்ணீரின் பாதைக்குக் குறுக்கே கிடக்கிறது. கிறவல் வீதியாக இருந்த காலத்தில் பாதித் தண்ணீர் வீதிக்கு மேலாலேயே வழிந்து போய்விடும், மீதி மதகால் போகும். மாரி முடிந்தால் வீதியில் நாலு குழி கிடக்கும், இரண்டு பெட்டி கிறவல் கொட்டினால் சரி. வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததில்லை.

அந்த மதகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தக் காலத்தில் கட்டியது என்று இப்போது இருக்கிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டடி அகலம், கருங்கல்லும் சுண்ணாம்பும். அதன் மேற்கு வாயிலிருந்து ஒரு சின்ன வெட்டு வாய்க்கால் போய்த் தோணா என்கிற ஓடையில் விழும், தோணா வாவியில் சேரும். முதல் மழைக்கு மதகடியில் தண்ணீர் இரையும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அத்தாங்கு வைத்து இறால் அள்ளுவார்கள். நானும் அள்ளியிருக்கிறேன்.

2019 இல் பழைய கிறவலைக் கிண்டாமல், அதற்கு மேலே இன்னும் கிறவல் பரவி, பலகை அடித்து, ஆறு அங்குலக் கொங்கிறீட்டுப் போட்டார்கள். வேலை சுத்தமான வேலை, இன்று வரைக்கும் ஒரு வெடிப்பு இல்லை. ஆனால் வீதி வளவுகளை விட முக்கால் அடி உயர்ந்துவிட்டது. கிறவல் பரவிய அன்று மதகின் கிழக்கு வாய் மூடுண்டது. நாங்கள் நாலைந்து பெண்கள் போய், வேலை செய்த தம்பிமாரிடம் சொன்னோம். "மதிப்பீட்டில் மதகு இல்லை அக்கா, இருக்கிறதைத்தான் நாங்கள் செய்யலாம்" என்றார்கள். அவர்கள் மேலும் பிழை இல்லை. தாளில் இல்லாததை அவர்கள் எப்படிச் செய்வார்கள்? அடுத்த வருடம் மேற்குப் பக்கத்து வளவுக்காரர் மதில் கட்டினார். தண்ணீர் வராத வாய்க்காலைத் தூர்த்து, அதற்கு மேலாலேயே அத்திவாரம் போட்டுவிட்டார். அவரும் வேண்டுமென்று செய்தவரல்ல. இப்போது தண்ணீருக்குக் கிழக்கிலும் வழியில்லை, மேற்கிலும் வழியில்லை. வீதி எங்களுக்கு அணைக்கட்டாகிப் போனது.

போன வருடம் கார்த்திகை கடைசியில் பெய்த மழையைத் தாங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 25 ஆம் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்கியது. எங்கள் பக்கத்து வீட்டு மகள் பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளை. அடுத்த நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு அவளுடைய தாய் கூப்பிட்டுப் போனேன். குசினிக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், மலசலகூடக் குழி நிரம்பி அந்தத் தண்ணீரோடு கலந்துவிட்டது. பிள்ளை கட்டிலில் ஏறியிருந்து, குறிப்புக் கொப்பிகளை ஒவ்வொன்றாகப் பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "மாமி, நாளைக்கு எப்படிப் போவது?" என்று மட்டும் கேட்டாள். 27 ஆம் திகதி பரீட்சையை நிறுத்தினார்கள், டிசம்பர் 4 ஆம் திகதிதான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் பாதி நாட்களை அவள் கோயில் மண்டபத்தில் இருந்து படித்தாள். என் தையல் இயந்திரத்தின் மோட்டார் தண்ணீரில் போனது. அதைச் சொல்ல வரவில்லை, அது திருத்தக்கூடியது.

வாவி நிறைந்து நிற்கும்போது மதகு திறந்திருந்தாலும் தண்ணீர் உடனே இறங்காது. இது எங்களுக்குத் தெரியாதது அல்ல. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் வெட்டி, ஆற்றுவாய் திறந்த பிறகுதான் வாவி வற்றும், அது வரைக்கும் எல்லோரும் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் போன வருடம் வாவி வற்றிய பிறகும் எங்கள் தண்ணீர் இறங்கவில்லை. தோணாவுக்கு அந்தப் பக்கம் காய்ந்த மண் தெரிகிறது, மதிலுக்கு இந்தப் பக்கம் குளம். கடைசியில் வாடகைக்கு மோட்டார் பிடித்து இரண்டு பகலும் ஓர் இரவும் இறைத்தோம்.

ஒழுங்கையில் மூத்தவரான பெத்தம்மாவின் வீட்டுக் குசினி வாசல் நிலையில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. 2011 தை வெள்ளத்தில் அவருடைய மகன் கரியால் கீறியது ஒன்று. இந்த மாவட்டமே தத்தளித்த வெள்ளம் அது. அந்தக் கோடு வாசற்படிக்குக் கீழே நிற்கிறது, இரண்டு நாளில் தண்ணீர் வற்றியது. மற்றது போன வருடத்துக் கோடு. அது படிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது, ஏழு நாள் நின்றது. மழையை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. அந்த இரண்டு கோடும்தான் எங்கள் கணக்கு. தாங்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது பெத்தம்மாவின் ஆசை. அந்த நிலைக்கு வர்ணம் பூச அவர் விடவில்லை.

வெள்ளம் போனதும் கிணறுகளுக்குக் குளோரின் போட்டுத் தந்தார்கள், நன்றி. குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் இன்னும் வரவில்லை, மணலில் வெட்டிய ஆழமில்லாத கிணறுகள்தான் பாதி வீட்டுக்கு. அதற்குப் பிறகு டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள், வளவில் தண்ணீர் தேங்கி நிற்கிறதென்று இரண்டு வீட்டுக்கு எச்சரிக்கைத் தாள் கொடுத்துப் போனார்கள். ஒன்று கணவனை இழந்து தனியே இருக்கும் பெண்ணின் வீடு. அவர் அந்தத் தாளோடு என்னிடம் வந்து, "இந்தத் தண்ணீரை நான் எங்கே கொண்டுபோய் ஊற்றுவது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை ஐயா.

நாங்கள் சும்மா இருக்கவுமில்லை. இந்த வருடம் தையிலிருந்து நான்கு இடங்களுக்கு எழுதினோம். வீதி சபையுடையது என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். வாய்க்கால் போகும் நிலம் அரச காணி, அது வேறு அலுவலகம் என்று இன்னோர் இடத்தில் சொன்னார்கள். தோணாவுக்குப் பொறுப்பு இன்னொரு திணைக்களமாம். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் ஒருவரும் ஒழுங்கைக்கு வரவில்லை. மேட்டிலிருந்து வாவி வரைக்கும் தண்ணீருக்கு அது ஒரே பாதை. காகிதத்தில்தான் நாலு துண்டு. நாலு அலுவலகத்தாரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்க வைக்க எங்களால் முடியாது. தாங்கள் அழைத்தால் வருவார்கள். நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்: ஆவணி முடிவதற்குள் ஒரு நாள், ஒரு மணி நேரம், மதகடியில் ஒரு கூட்டுக் கள விஜயம்.

அப்புறம் மதகு. கிழக்கு வாயைக் கிண்டித் திறப்பதற்கு மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒரு நாள் வேலை செய்தால் போதும் என்று எங்களில் மேசன் வேலை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மேற்குப் பக்கத்து வளவுக்காரரிடம் சங்கத்தில் மூன்று பேர் போய்ப் பேசினோம். மதிலை உடைக்காமல், அத்திவாரத்துக்குக் கீழாலே குழாய் வைத்துத் தந்தால் தனக்கு மறுப்பில்லை என்று எழுத்திலே தந்திருக்கிறார், பிரதியை இணைத்துள்ளோம். அதற்கு எத்தனை அங்குலக் குழாய் போதும் என்பதைத் தங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான் சொல்ல வேண்டும். வாய்க்காலைத் துப்புரவு செய்வதும் மண் அள்ளுவதும் எங்கள் வேலை, சிரமதானமாகச் செய்து தருகிறோம். வீதியோரமாக வடிகான் வெட்ட வேலியை இரண்டடி உள்ளே எடுக்கவும் பெரும்பாலான வீட்டுக்காரர் உடன்பட்டிருக்கிறார்கள். இரண்டு வீட்டார் இன்னும் யோசிக்கிறார்கள், சபையிலிருந்து யாராவது வந்து விளக்கினால் அவர்களும் சம்மதிப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். வேலையைச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகத் தரலாம் என்றால் பொறுப்பெடுக்கத் தயார், கணக்கை ரூபாய் சதத்தோடு காட்டுவோம்.

இனிப் பக்கத்து ஒழுங்கை. அது எங்களை விட மேட்டில் இருக்கிறது, தண்ணீர் முதலில் அங்கே இறங்கித்தான் எங்களுக்கு வரும். அந்த வீதியையும் மதகில்லாமல் உயர்த்தினால், எங்களுக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கும். அங்கே மதகு வைத்து, எங்கள் மதகை அப்படியே விட்டால், அவர்களுடைய தண்ணீரும் சேர்ந்து எங்கள் குசினிக்குள் வரும். அதனால் ஒழுங்கு முக்கியம் ஐயா. முதலில் கீழே உள்ள வாயைத் திறக்க வேண்டும், பிறகு மேலே மதகும் வடிகானும், அதன் பிறகு கொங்கிறீட்டு. பழைய கிறவலைக் கிண்டி எடுத்து மட்டத்தைக் குறைத்தால் வளவுகளும் தாழாது. செலவு கொஞ்சம் கூடும், வீதியின் நீளம் கொஞ்சம் குறையலாம். அந்த ஒழுங்கைச் சங்கத்தோடும் கதைத்தோம். முப்பது மீற்றர் குறைந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருக்கட்டும் என்று சொல்லி அவர்களில் பதினெட்டுப் பேரும் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எங்களுக்கு ஒரு தடவை காட்டுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டு எடுக்கலாம் என்பது தெரியும். ஆனால் அது வரும்போது கொங்கிறீட்டு இறுகியிருக்கும். எங்களுக்கு வேண்டியது வழக்கல்ல. தாளில் மதகு இருக்கிறதா, எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். வேலை நடக்கும் இடத்தில் தொகை, நீளம், தடிப்பு, முடியும் திகதி எழுதிய பலகை ஒன்றும் வைக்க வேண்டும்.

சபையிடம் பணம் குறைவு என்பதை அறிவோம். எங்கள் பக்கத்தில் வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டும் சோலை வரி நிலுவை நிறைய இருக்கிறது. அதைக் கட்ட வைக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லச் சங்கம் உடன்படுகிறது. மதகைத் திறக்கும் வேலையை இந்த வருடப் பணத்திலேயே, ஐப்பசி மழைக்கு முன் செய்யும்படியும், வடிகானை 2026 ஆம் ஆண்டுப் பாதீட்டில் சேர்க்கும்படியும் கேட்கிறோம். தோணாப் பக்கத்து மூன்று தெருவிளக்குகள் எரியாததைப் பற்றி வேறு கடிதம் கொடுத்திருக்கிறோம், அதை இங்கே கலக்கவில்லை.

தாங்கள் வரும் நாளை முதல் நாள் சொன்னால் போதும். மதகு இருக்கும் இடத்தில் கொங்கிறீட்டின் ஓரத்தில் சிவப்பு வர்ணத்தால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். மண்வெட்டியோடு பத்துப் பேர் நிற்பார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்
ஒழுங்கைவாசிகள் அனைவரின் சார்பில்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், வளவுக்காரரின் சம்மதக் கடிதப் பிரதி, வாசல் நிலைக் கோடுகளின் படம், தண்ணீர் போகும் வழியைக் காட்டும் கைவரைபடம்

பிரதி: பிரதேச செயலாளர், சுகாதார வைத்திய அதிகாரி, கிராம உத்தியோகத்தர்