அந்தக் காவடியை எடுத்துவிடுங்கள்: கடைத்தொகுதி நிர்வாகத்துக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். போன வாரம் முகப்பில் நான் சொன்னதை உங்கள் ஊழியர் குறித்துக்கொண்டார். தரைத்தளத்தில் தீபாவளிக்கென்று வைத்திருக்கிறீர்களே, அந்தக் காவடியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

முதலில், தீபாவளிக்கும் காவடிக்கும் என்ன சம்பந்தம்? காவடி தைப்பூசத்துக்கு. சீனப் புத்தாண்டுக்கு, மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்கு ஓலையில் பின்னும் கேதுபாட்டைக் கட்டித் தொங்கவிடுவீர்களா?

மயிற்பீலி ஒட்டிய தெர்மகோல் காவடியைத் தோளில் வைத்துப் படம் எடுத்துக் காட்டினால் 10 விழுக்காடு தள்ளுபடி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பக்கத்துத் தட்டில் பிளாஸ்டிக் அலகுகள் கிடந்தன. தலையில் மாட்டும் வளையத்தோடு சேர்ந்தவை. மாட்டினால் இரு கன்னத்தையும் துளைத்து வந்ததுபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருவர் மாட்டிக்கொண்டு நாக்கைத் துருத்தி, கண்ணை மேலே செருகிக் காட்டினார். நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, மாமா மாதிரி செய்றாங்க" என்றாள்.

அவளுடைய மாமா, என் தம்பி, வருடம் தவறாமல் அலகு குத்திக் காவடி எடுப்பவன். 48 நாள் விரதம். நம் சிங்கப்பூரின் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. 1968இல் தைப்பூசத்தைப் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதால் சொந்த விடுப்பு போட்டுத்தான் போகிறான். இந்த ஆண்டு மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பியபோது, "வாடிக்கையாளர் வரும் நேரத்தில் தொப்பி போட்டுக்கொள்ள முடியுமா?" என்று அவன் மேலாளர் கேட்டிருக்கிறார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. 15 வெள்ளிக்குத் தொப்பி வாங்கிக்கொண்டான்.

அவன் தலையில் மறைக்க வேண்டியதாகத் தெரிவது, உங்கள் தரைத்தளத்தில் வேடிக்கையாகி, தள்ளுபடியும் வாங்கித் தருகிறது. பண்பாட்டு அபகரிப்பு என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான்.

ஒருவர் பண்பாட்டை மற்றவர் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரின் மீன் தலைக் கறியே, மலையாளி ஒருவர் சீன வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கும் என்று சமைக்கத் தொடங்கியதுதான். கெபாயா என்ற பெண்கள் மேலாடையை 2024இல் சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. என் சீனத் தோழி தீபாவளிக்குச் சேலை கட்டிக்கொண்டு வருவாள். கொசுவம் மடித்துவிடுவது நான்தான். அவள் கேட்டுக் கட்டுகிறாள். நீங்கள் யாரைக் கேட்டீர்கள்?

ஒலிபெருக்கியில் உறுமி மேளம் வேறு. தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் பல்லாண்டு காலம் இசைக்கருவிக்குத் தடை இருந்தது. அண்மைக் காலத்தில்தான் சில இடங்களில் வாசிக்க விட்டார்கள். பக்தருக்குத் தெருவில் அத்தனை காலம் கிடைக்காத மேளம் குளிர்சாதனத்துக்குள் காலணிக் கடை வாசலில் முழங்குகிறது, நல்லது! 2019இல் சீன நடிகர் ஒருவரே பல இனத்தவராக வேடம் போட்டு, முகத்தைக் கருப்பாக்கிக்கொண்டு முத்துசாமி என்ற இந்தியராகவும் வந்த விளம்பரத்துக்கு அத்தனை மன்னிப்புக் கேட்டார்களே, அதற்கு அப்புறமும் எதையாவது திறந்துவைக்கும் முன் ஒரு தமிழரிடம் காட்டலாம் என்று யாருக்கும் தோன்றாதா? உங்கள் துப்புரவுப் பணியாளர்களில் பாதிப் பேர் தமிழ்தான் பேசுகிறார்கள்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கோலமும் குத்துவிளக்கும் அழகாக இருக்கின்றன, அவை இருக்கட்டும். காவடியையும் அந்த அலகுத் தட்டையும் மட்டும் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை தம்பிதான் என் மகளை நீச்சல் வகுப்பிலிருந்து உங்கள் தரைத்தளம் வழியாக அழைத்து வருகிறான். அதற்குள் செய்துவிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி