அப்பாவுக்கு, டெக்சாஸிலிருந்து: எந்த பிக்கப் வாங்குவது?

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். அம்மிச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

போனில் பேசும்போது, "மூணு பேர் போறதுக்கு எதுக்கு கண்ணு அத்தாம்பெரிய வண்டி?" என்று கேட்டீர்கள். நாமக்கல்லில் பட்டறை வைத்துக் காலமெல்லாம் லாரிக்கு பாடி கட்டியவருக்கு மேலோட்டமாகப் பதில் சொன்னால் போதாது. பார்த்ததை எல்லாம் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சான் அன்டோனியோவுக்குக் கிழக்கே வாங்கிய ஐந்து ஏக்கரில் முக்கால்வாசி மெஸ்கீட் மரம்தான். நம் ஊர் வேலிக்காத்தானுக்குப் பங்காளி; அதே முள், அதே காய், வெட்டினால் அதே பிடிவாதத்தோடு மறுபடி துளிர்க்கிறது. அதை ஒழிக்கத்தான் பழைய சின்ன டிராக்டர் ஒன்று வாங்கினோம். அங்கே இன்னும் கொட்டகை போடவில்லை என்பதால் டிராக்டரை விட்டுவிட்டு வர முடியாது. ஒவ்வொரு முறையும் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டியிருக்கிறது. டிராக்டர், முன்னால் மண் அள்ளும் லோடர், புல் வெட்டும் கருவி, டிரெய்லர் எல்லாம் சேர்ந்து மூன்று டன். இதுவரை உங்கள் மாப்பிள்ளையின் நண்பர் வண்டியை இரவல் கொடுத்தார். எத்தனை நாளைக்குத்தான் அவரைத் தொந்தரவு செய்வது?

இங்கே இந்த வேலைக்குப் போட்டி போடுவது முக்கியமாக நான்கு வண்டிகள். ஃபோர்டு எஃப்-150, செவ்ரலே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா. ஃபோர்டின் எஃப் வரிசை 1977-லிருந்து இந்த நாட்டில் அதிகம் விற்கும் டிரக்காக இருக்கிறது. மறைமலை நகர் தொழிற்சாலையை 2022-ல் நிறுத்திய அதே ஃபோர்டுதான். இங்கே சில குடும்பங்களில் தாத்தா ஃபோர்டு ஓட்டினால் பேரனும் ஃபோர்டுதான். செவ்ரலே வீட்டில் ஃபோர்டு நுழையாது. எங்களுக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லாததால் நான்கையும் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

நான்கு கதவு வைத்த வண்டிதான் எங்களுக்கு வேண்டும். அது நான்கிலும் பத்தொன்பது அடிக்கு மேல் நீளம். அகலம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே ஆறரை அடியைத் தாண்டும். வெறும் வண்டியே இரண்டு டன்னுக்கு மேல். பெட்ரோல் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் பக்கம் கொடுத்தால் நல்லது. விலை வரியோடு சேர்த்து நம் பணத்தில் ஐம்பது லட்சத்தைத் தொடுகிறது. அதனால்தான் இத்தனை யோசனை.

டொயோட்டாவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கதை சொல்ல வேண்டும். பண்ணை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி ஐரோப்பாவில் மலிவாகப் போய்க் குவிந்தது. அங்கிருந்த பண்ணைக்காரர்கள் முறையிட, மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் முதலான பொதுச் சந்தை நாடுகள் 1962-ல் கோழிக்கு வரியை ஏற்றிவிட்டன. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு இவற்றோடு இறக்குமதியாகும் சிறிய டிரக்குகளுக்கும் 25 சதவீத வரி போட்டார். மற்றவற்றின் மேல் போட்ட வரி எல்லாம் பின்னால் போய்விட்டது. டிரக் மேல் போட்டது இன்றும் நிற்கிறது. இன்றைக்கும் இதைக் கோழி வரி என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊரில் இப்போது ஓடும் ஹைலக்ஸ் இங்கே கடையில் கிடைக்காததற்கும், 2006-லிருந்து டன்ட்ராவை டொயோட்டா எங்கள் ஊரான சான் அன்டோனியோவிலேயே செய்வதற்கும் இந்த வரி ஒரு முக்கியக் காரணம். ஐரோப்பாவில் கோழி விலை விழுந்ததால் டெக்சாஸில் டிரக் தொழிற்சாலை வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. இந்த வண்டிகள் இத்தனை பெரிதாகவும் இத்தனை விலையாகவும் வளர்ந்ததற்கு, வெளியிலிருந்து போட்டி வராததும் காரணம் என்றே நினைக்கிறேன்.

கடைக்குப் போனபோது கையில் ஒரு காந்தம் எடுத்துப் போனேன். பழைய வண்டி வாங்க வருபவர்களுக்காக நீங்கள் பட்டி பூசிய இடத்தைக் காந்தம் வைத்துக் காட்டிக் கொடுப்பீர்களே, அந்தப் பழக்கம். எஃப்-150-ன் கதவில் வைத்தேன், ஒட்டவில்லை. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் வைத்தேன், அங்கேயும் ஒட்டவில்லை. 2015 மாடலிலிருந்து அதன் பாடி முழுக்க அலுமினியம். குனிந்து சேஸில் வைத்ததும் பட்டென்று பிடித்துக்கொண்டது, அது இரும்புதான். சில்வராடோவில் பானெட்டும் கதவும் அலுமினியம், தொட்டி மட்டும் நல்ல இரும்பு. டன்ட்ராவின் தொட்டியிலும் காந்தம் நிற்கவில்லை. அது நாரும் பிசினும் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்த தொட்டி. துருவும் பிடிக்காது, ஒடுங்கவும் ஒடுங்காது. அலுமினியத்தால் எடை குறைகிறது, துரு இல்லை. ஆனால் அடிபட்டால் தட்டி நிமிர்த்துவது இரும்பைப் போல எளிதில்லை. அதற்குத் தனிக் கருவி, தனி இடம் வேண்டும், இரும்புத் தூள் மேலே படக்கூடாது. எல்லா டிங்கரிங் கடையிலும் செய்ய மாட்டார்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது இதையும் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததில் மனதைப் பிடித்தது ராம். எஃப்-150-க்கும் சில்வராடோவுக்கும் பின்னால் ஸ்பிரிங் என்றால் லாரி மாதிரி கமான் பட்டைதான். தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் குதிக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? ராம் 2009 மாடலிலேயே பின்பக்கத்துக்குச் சுருள் ஸ்பிரிங் கொண்டுவந்துவிட்டது. டன்ட்ராவும் 2022 மாடலிலிருந்து அப்படித்தான். சரளைக்கல் பாதையில் ராமை ஓட்டியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த உங்கள் பேரன் தூங்கியே போய்விட்டான். உள்ளேயும் நல்ல தோல் சீட், மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை. உங்கள் மாப்பிள்ளை அப்போதே பேனாவை எடுத்துவிட்டார்.

நான்தான் நிறுத்தினேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், வெள்ளையில் மஞ்சள் பட்டை போட்டது. இந்த வண்டியில் ஏறும் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். ஒரே பெயர், ஒரே வருடம் என்றாலும் வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், மின்சாரப் படி என்று கம்பெனி எதைச் சேர்த்தாலும் அதன் எடை இந்த எண்ணிலிருந்துதான் கழிகிறது. விளம்பரத்தில் நான்கு கம்பெனிகளும் ஐந்து டன்னுக்கு மேல் இழுக்கும் என்றுதான் போடுகிறார்கள். அது, அதற்கென்றே பார்த்துப் பார்த்துத் தயார் செய்த வண்டி இழுப்பது. நம் முன்னால் நிற்கும் வண்டி எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது இந்தச் சீட்டு. ஆர்.சி. புத்தகத்தில் வெறும் வண்டியின் எடையைப் (அன்லேடன் வெயிட்) பார்க்காமல் பாடிக்கு அளவே எடுக்க மாட்டீர்களே, அதே விஷயம்தான்.

கணக்கு இப்படி வருகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வண்டியின் கொக்கியில் வந்து உட்கார வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். எங்கள் மூன்று டன்னுக்கு அதை 375 கிலோ என்று வைத்துக்கொண்டேன். நாங்கள் மூவர், நீங்களும் அம்மாவும் வந்தால் ஐவர். ஒருவர் வீட்டில் இருந்துவிடுவார் என்று வைத்து நான்கு பேருக்கு 260 கிலோ. கருவிப்பெட்டி, சங்கிலி, கொக்கி எல்லாம் 70 கிலோ. ஆக, வண்டி தாங்க வேண்டியது மொத்தம் 705 கிலோ. எங்கள் மனதைப் பிடித்த அந்த ராமின் சீட்டில் இருந்தது 562 கிலோ! நாங்கள் பார்த்த டன்ட்ராவில் 685. சில்வராடோவில் 792. கூரைக் கண்ணாடியும் ஆடம்பரமும் இல்லாத நடுத்தர எஃப்-150 ஒன்றில் 819.

அப்பா, நம் ஊர் குட்டி யானை ஏற்றுவது 750 கிலோ. இங்கே 400 குதிரைத்திறன் வைத்து, இரண்டு டன்னுக்கு மேல் எடை வைத்து, வீடு மாதிரி ஒரு வண்டியைச் செய்துவிட்டு, முதுகில் அதே அளவுதான் ஏற்றச் சொல்கிறார்கள். இழுப்பதில் இது எங்கேயோ நிற்கிறது, அது உண்மை. ஆனால் சீட்டைப் படிக்காமல் வாங்குபவர்கள் நிறையப் பேர். பின்பக்கம் தாழ்ந்து, முன் விளக்கு வானத்தைப் பார்க்க, நெடுஞ்சாலையில் நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் இழுத்துப் போகும் வண்டிகளைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்ஜின் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில்வராடோவின் பெரிய 6.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் வேண்டாம் என்று வைத்தேன். 2021 முதல் 2024 வரை வந்தவற்றில் கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் பேரிங் கோளாறு என்று 2025 ஏப்ரலில் இந்த நாட்டில் மட்டும் ஆறு லட்சம் வண்டிகள் வரை சரிசெய்து தரத் திரும்ப அழைத்தார்கள். நாங்கள் பார்த்த 5.3 லிட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. டன்ட்ராவின் இரட்டை டர்போ வி6-லும், இன்ஜினுக்குள் கடைசல் தூள் தங்கிவிட்டது என்று 2024-ல் ஒரு லட்சம் வண்டிகள் வரை அழைத்தார்கள். அவை 2022, 2023 வண்டிகள். டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று வளர்ந்தவளுக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. ஃபோர்டில் 3.5 லிட்டர் டர்போ நன்றாக இழுக்கிறது. ஆனாலும் டர்போ இல்லாத 5.0 லிட்டர் வி8-ஐத்தான் கேட்டிருக்கிறேன். 400 குதிரைத்திறன், கழற்றி மாட்டுவதற்குக் குழாய்கள் குறைவு, சூடும் குறைவு. பத்துப் பன்னிரண்டு வருடம் வைத்துக்கொள்ளப்போகிற வண்டிக்கு அதுதான் சரி என்று தோன்றுகிறது. ஹைப்ரிட் எஃப்-150-ல் தொட்டியிலேயே பிளக் வைத்து 7.2 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கலாம். நிலத்தில் இன்னும் கரன்ட் இல்லாத எங்களுக்கு ஆசையாக இருந்தது. விலை கைக்கு எட்டவில்லை.

ஆக, எஃப்-150 என்று முடிவாகியிருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை ராமை விட்டுக்கொடுத்துவிட்டார். சீட்டுக் கணக்கை எழுதிக் காட்டியதும் ஒன்றும் பேசவில்லை.

ஒன்றே ஒன்று மீதி. தொட்டி ஐந்தரை அடியா, ஆறரை அடியா? ஐந்தரை என்றால் வண்டி எப்படியோ எங்கள் வீட்டு ஷெட்டுக்குள் போய்விடும், ஆனால் எட்டடி ப்ளைவுட் போட்டால் பின்கதவைத் திறந்து வைத்தாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆறரை என்றால் வேலைக்கு வசதி, வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) நீளம் என்பதால் டிரெய்லர் ஆட்டம் குறையும் என்று நினைக்கிறேன். ஆனால் வண்டி இருபது அடியைத் தாண்டி வெயிலில்தான் நிற்கும், திருப்பவும் கஷ்டம். எனக்கு ஆறரை என்று படுகிறது, அவருக்கு ஐந்தரை. சேஸ் நீளத்தைப் பற்றி உங்களைவிட யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை டீலருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் தம்பியை விட்டு ஒரு வாட்ஸ்அப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அம்மிணி