நிக்கி சலாபுவின் மீதிக் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்தின் படுதோல்விகளைப் பற்றிய உங்கள் துணுக்கில் ‘31 கோல் வாங்கிய கோல்கீப்பர்’ என்று ஒரே வரியில் நிக்கி சலாபுவை முடித்துவிட்டீர்கள். அதைப் படித்ததும் மனம் பொறுக்கவில்லை.

2001 ஏப்ரல் 11 அன்று ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பரில், ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட பசிபிக் தீவுப் பகுதியான அமெரிக்க சமோவாவுக்கும் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் அது. சலாபு அமெரிக்க சமோவாவின் கோல்கீப்பர். அமெரிக்கக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள் ஆடக்கூடாது என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா சொல்லிவிட்டதால், அமெரிக்க சமோவாவின் மூல அணியில் எஞ்சியவர் சலாபு ஒருவரே. இருபது வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து ஆள் எடுக்கலாம் என்றால், அவர்களில் பலருக்குப் பள்ளித் தேர்வு. கடைசியில் பதினைந்து வயதுப் பையன்கள்கூட சலாபுவுக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடினார்கள். ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சி தாம்சன் மட்டும் 13 கோல் அடித்தார். ஆட்டம் முடிந்தபோது கோல் கணக்குப் பலகையில் 32 என்றிருந்து, பிறகு 31 என்று திருத்தப்பட்டது. எண்ணியவர்களுக்கே தடுமாற்றம்! ஆனால் சலாபு தடுத்த பந்துகளும் பல. அவற்றுக்குப் பலகையில் இடமில்லை.

பள்ளி நாட்களில் நானும் கோல்கீப்பர்தான். எங்கள் மைதானத்தில் இரண்டு கம்பங்கள் மட்டும் உண்டு, வலை கிடையாது. கோல் விழுந்தால் பின்னாலிருந்த கருவேலம் புதருக்குள் போய்ப் பந்தை எடுத்துவர வேண்டியதும் நானே. ஒருநாள் ஏழு முறை போனேன். ஏழாவது முறை, முள் கீறிய கையோடு திரும்பியபோது, என் அணியினர் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நடை எனக்கு இன்றும் மறக்கவில்லை. சலாபு 31 முறை குனிந்து பந்தை எடுத்தார்.

அதன்பிறகும் அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிடவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாழ்ந்தவர், நாடு அழைத்தபோது மறுபடி வந்து நின்றார். 2011 நவம்பர் 22 அன்று அண்டை நாடான சமோவாவின் ஆப்பியா நகரில், இன்னொரு பசிபிக் தீவு நாடான டோங்காவை 2–1 என்று அமெரிக்க சமோவா வென்றது. ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டம் ஒன்றில் அந்த அணி பெற்ற முதல் வெற்றி அது. கடைசி நிமிடங்களில் டோங்கா ஒரு கோல் திருப்பி, மேலும் மேலும் நெருக்கியது. அப்போதும் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் சலாபுதான்.

அடுத்த இதழில் அந்த 2–1 ஆட்டத்தையும் அவர் பெயரோடு வெளியிடுங்கள். துணுக்கு வந்த அதே பக்கத்தில் வந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
பழைய கோல்கீப்பர் ஒருவர்,
நாகர்கோவில்