முதலாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். முதலாம் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. பொங்கல் விழா, இல்ல மெய்வல்லுநர் போட்டி, தவணைப் பரீட்சை யாவும் குறையின்றி நடந்தேறின. தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு விடயம். மைதானத்துப் பின்வேலி ஓரம் எரிந்த வயர்த் துண்டுகளும் சாம்பலும் இத்தவணையில் மூன்று தடவை கிடந்தன. தரம் 8, 9 மாணவர் சிலர் பழைய சார்ஜர், ரீவி வயர்களை எரித்துச் செம்பெடுத்துப் பழைய இரும்பு வியாபாரிக்கு விற்கிறார்கள். கைச்செலவுக்குக் காசு தேடுவது விளங்காத விடயமல்ல. எந்தப் பிள்ளையையும் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை.

வயரின் உறை பெரும்பாலும் பீவீசி என்ற பிளாஸ்டிக். எரியும்போது தொண்டையை அரிக்கும் ஐதரசன் குளோரைட்டு வாயு எழும். டயொக்சின் என்ற நஞ்சும் உண்டாகும். உள்ளே இருக்கும் செம்பே அதற்கு ஊக்கியாகிறது. பழைய வயர் உறைகள் பலவற்றில் ஈயம் உண்டு. அது சாம்பலோடு கையிலும் உடுப்பிலும் ஒட்டி வீட்டுக்கு வந்து, தவழும் தம்பி தங்கச்சியின் வாய்க்குள் போகும். இத்தனைக்கும், எரித்துக் கறுத்த செம்பைவிட உரித்த செம்புக்கே விலை கூட.

பெட்டி ரீவியை உடைப்பதும் நடக்கிறது. படக்குழாயின் கழுத்திலுள்ள செப்புச் சுருள்தான் குறி. குழாய்க்குள் வெற்றிடம் இருப்பதால் கழுத்து முறிந்தால் கண்ணாடி சிதறும். அந்தக் கண்ணாடியிலும் ஈயம்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டு வயர் தீர்ந்தால் பிள்ளை உலோகம் தேடிப் பற்றைக்குள் போகும். போர்க்கால வெடிபொருட்கள் புதைந்து கிடக்கும் வன்னியில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இனிப் பாடசாலை வளவுக்குள் வயர் எரிப்பவர் யாராயினும் பெற்றோருடன் ஒழுக்காற்றுக் குழு முன் வர வேண்டும்.

சித்திரை வருடப்பிறப்புக்கு வீடு துப்புரவாக்கும்போது பழைய மின்சாமான்கள்தான் முதலில் வெளியே வரும். ஊதிய போன் பற்றரியை அமத்தவோ குத்தவோ திரும்பச் சார்ஜ் போடவோ வேண்டாம். உள்ளே சோட்டாகித் தீப்பிடிக்கும். முனைகளில் ரேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகர ரின்னில் வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். சுருள் மின்குமிழ் உடைந்தால் யன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம்தான், ஆனால் விளக்குமாறால் கூட்டினால் பரவும். மட்டையால் அள்ளி, ஈரக் கடதாசியால் துடைத்து, மூடியுள்ள போத்தலில் போடுங்கள். எல்ஈடி குமிழில் பாதரசம் இல்லை. மோட்டார் சைக்கிள் பற்றரியின் அமிலத்தைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். புதியது வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் விலையில் கழிப்பார்கள்.

இரண்டாம் தவணையின் முதல் வெள்ளிக்கிழமை காலை 7.00 முதல் 7.30 வரை அலுவலக வாசலில் பழைய போன், சார்ஜர், ரிமோட், ரோச்லைற், சிறு பற்றரிகளைப் பொறுப்பேற்போம். சிம், மெமரிக் காட்டைக் கழற்றிவிடுங்கள். நீங்களே கொண்டுவாருங்கள்; புத்தகப் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். ரீவி, பெரிய பற்றரி எடுப்பதில்லை, வைக்க இடமில்லை. சேர்பவை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரமுள்ள சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கப்படும்.

சாம்பலைக் கண்டு முதலில் தகவல் தந்தவர்களும் பெற்றோர்தான். அவர்களுக்கும், மெய்வல்லுநர் போட்டிக்குப் பந்தல் போட்டுத் தந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும் மனமார்ந்த நன்றி. சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.

இப்படிக்கு,
அதிபர்